அம்மா கண்ணுல போட்ட ஓட்டை: கிரேஃபே டாக்டர் ஊர்கள்ல அஞ்சு நாள்

நாள் 1 – ஹைடன், சுவிட்சர்லாந்து

சூரிச்ல தம்பி வீட்ல பெட்டிய வச்சுட்டு குளிச்ச கையோட கெளம்பிட்டேன். தம்பி "ஒரு நாள் ரெஸ்ட் எடுத்துட்டுப் போக்கா"ன்னான், எனக்குத்தான் மனசு கேக்கல, மூணு வருசமா நெனச்சுக்கிட்டே இருந்த பயணம் இது.

ரோர்ஷாக் வரைக்கும் சாதாரண ரயில். அங்கருந்து ஹைடனுக்கு ஒரு செவப்புக் கலர் மலை ரயில், நடுவுல பல்லு வச்ச தண்டவாளத்தக் கடிச்சுக் கடிச்சு ஏறுது, நம்ம ஊட்டி ரயில் மாதிரியேதான். பின்னாடி திரும்பிப் பாத்தா ஏரி கீழ போய்க்கிட்டே இருக்கு, போடன் ஏரி, அந்தக் கரையில ஜெர்மனி. நானூறு மீட்டர் ஏறுனதும் ஊர் வந்துடுது.

நான் தேடி வந்த மனுசன் இந்த ரயில்ல ஏறுனதில்ல. இது ஓட ஆரம்பிச்சது 1875ல, அவர் செத்துப்போனது 1870ல. குதிரை வண்டியிலதான் வந்திருப்பாரு, அதுவும் நெஞ்சு சளியோட, இருமிக்கிட்டு.

பேரு அல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே. பெர்லின் கண் டாக்டர். 1828ல பொறந்து 42 வயசுல டிபில செத்தவரு. கண் டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு இவர் பேரு நல்லாத் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்கும் அம்மாவுக்கு அந்த ராத்திரி வர்ற வரைக்கும் தெரியாது. அந்தக் கதைய பெர்லின்ல இருந்து எழுதுறேன், அங்கதான் அதுக்கு எடம்.

1861ல அவருக்கு நுரையீரல் உறையில அழற்சி கடுமையா வந்து சாகப் பொழைக்கக் கெடந்தாரு. அதுக்கப்புறம் ஒடம்பு முழுசா தேறவேயில்ல. அந்தக் காலத்துல நெஞ்சு நோய்க்கு மருந்துன்னு ஒண்ணும் கெடயாது, மலைக் காத்து, ஆட்டுப்பால் திரிஞ்ச தண்ணி, அவ்வளவுதான். ஹைடன் அந்த வைத்தியத்துக்குப் பேர் போன ஊரு. 1838ல தீப்பிடிச்சு ஊரே எரிஞ்சு மறுபடி வரிசையா ஒரே மாதிரி கட்டுனதால இன்னிக்கும் நடுச்சதுக்கத்துல நின்னா எல்லா வீடும் ஒரே கையால வரஞ்ச மாதிரி இருக்கு.

ரெஸ்ட் எடுக்க வந்த மனுசன் ரெஸ்ட் எடுத்தாரான்னா இல்ல. கோடைக்கு கோடை அவரு இங்க வர்றது தெரிஞ்சு ஐரோப்பா முழுக்க இருந்து கண் நோயாளிங்க மலையேறி வந்துட்டாங்க, அவரும் ஃப்ரைஹோஃப்ங்கிற ஓட்டல்ல உக்காந்து பாக்க ஆரம்பிச்சுட்டாரு. இந்தச் சின்ன ஊரு வெளிநாட்டுக்காரங்க வர்ற பெரிய சுகவாச ஸ்தலமா ஆனதே அப்படித்தான்னு சொல்றாங்க. செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் காரணமான ஆன்ரி டூனானும் கடைசிக் காலத்துல இந்த ஊர்லதான் இருந்து 1910ல செத்தாரு, அவருக்கு மியூசியமே இருக்கு. ஒரு சின்ன ஊருக்கு ரெண்டு பேரு!

சாயங்காலம் ஒரு பெஞ்சுல உக்காந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு ஏரியக் காட்டுனேன். "எம்புட்டுத் தண்ணி"ன்னாங்க. கோவில்பட்டிக்காரிக்கு மொதல்ல கண்ணுல படுறது தண்ணிதான்.

நாள் 2 – ஹைடல்பெர்க்

பாதி நாள் ரயில்லயே போச்சு. பாசல் தாண்டுனதும் தூங்கிட்டேன்.

ஹைடல்பெர்க்ல எல்லாரும் கோட்டை பாக்க வர்றாங்க, நானும் ஏறிப் பாத்தேன், அழகுதான், அதப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நான் வந்தது 1857ல இங்க நடந்த ஒரு சின்ன கூட்டத்துக்காக. கிரேஃபேவும் அவர் கூட்டாளி டாக்டர்களும் கொஞ்சம் பேர் கூடி, கண்ணப் பத்தி மட்டும் பேசுனாங்க. அதுலருந்துதான் ஜெர்மன் கண் மருத்துவர் சங்கம் வளந்துச்சு, இன்னிக்கும் இருக்கு. அதுக்கு மூணு வருசம் முன்னாடியே, 1854ல, 26 வயசுல, அவரு கண் மருத்துவத்துக்குன்னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சுட்டாரு. அடுத்த வருசமே ப்ராக்ல இருந்து ஆர்ல்ட், ஹாலந்துல இருந்து டான்டர்ஸ்னு ரெண்டு கண் டாக்டருங்க ஆசிரியரா சேந்துக்கிட்டாங்க. அது அவர் பேரோடயே இன்னும் வந்துக்கிட்டு இருக்கு.

இந்த ஆர்ல்ட் கதை எனக்குப் பிடிக்கும். கிரேஃபே 19 வயசுல டாக்டர் பட்டம் வாங்கிட்டு ஊர் ஊரா போய்ப் படிக்கக் கெளம்புனாரு. ப்ராக்ல ஆர்ல்ட்டப் பாத்ததும் இனி கண்ணுதான்னு முடிவு பண்ணிட்டாரு. அப்புறம் பாரிஸ், வியன்னா, லண்டன். லண்டன்ல 1851ல பெரிய பொருட்காட்சி நடந்தப்ப டான்டர்ஸச் சந்திச்சாரு, அந்த சிநேகம் சாகுற வரைக்கும்.

ஹைடல்பெர்க்ல இன்னொருத்தரும் இருக்காரு, ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1858ல இருந்து 1871 வரைக்கும் இந்த யுனிவர்சிட்டிலதான் புரொபசர். இவர் கதைய சொல்லாம கிரேஃபே கதைய சொல்ல முடியாது. 1850 வரைக்கும் உயிரோட இருக்கிற மனுசனோட கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் ஒழுங்காப் பாத்ததில்ல. கண் பாப்பாவப் பாத்தா கறுப்பாத்தான் தெரியும். கண்ணு வெளிய நல்லா இருக்கு, ஆனா பார்வை போயிடுச்சுன்னா அதுக்குக் 'கறுப்பு ஸ்டார்'னு பேரு வச்சிருந்தாங்க (நட்சத்திரம் இல்ல, பார்வை போற நோய்க்கு ஜெர்மன்ல 'ஸ்டார்'னு பேரு), நோயாளிக்கும் ஒண்ணும் தெரியாது டாக்டருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னா அதுதான் கறுப்பு ஸ்டார்னு ஒரு பேச்சே உண்டு. ஏன் கறுப்பாத் தெரியுதுன்னு ஹெல்ம்ஹோல்ட்ஸ் யோசிச்சாரு. உள்ள போற வெளிச்சம் வந்த வழியாவே திரும்பிப் போயிடுது, அந்த வழியில நம்ம தலைய வச்சா வெளிச்சத்த நாமளே மறச்சிடுறோம். அதனால கண்ணாடித் தகடச் சாய்ச்சு வச்சு, வெளக்கு வெளிச்சத்தப் பக்கத்துல இருந்து உள்ள அனுப்பி, அந்தக் கண்ணாடி வழியாவே பாத்தாரு. செவசெவன்னு விழித்திரை, ரத்தக் குழாய், நரம்பு எல்லாம் தெரிஞ்சுது. 1850 டிசம்பர்ல பெர்லின்ல அறிவிச்சாரு. கிரேஃபேக்கு அப்ப 22 வயசு, கருவி கைக்கு வந்ததும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நமக்குப் புது உலகத்தத் தெறந்து விட்டுட்டாருன்னு துள்ளுனாராம்.

கிரேஃபே செத்ததுக்கப்புறம் அவர் பேர்ல ஒரு பதக்கம் வச்சாங்க. மொத பதக்கம் 1886ல ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குத்தான். வாங்கிக்கிட்டு அவரு பேசுனது என்னன்னா, நல்ல உளி செஞ்சு குடுத்த கொல்லனுக்கும் அந்த உளியால செலை வடிச்ச சிற்பிக்கும் வித்தியாசம் இருக்கு, நான் கொல்லன்தான்னு. பூமியிலயே பெரிய அறிவாளிங்கள்ல ஒருத்தர், பதினாறு வருசம் முன்னாடி செத்துப்போன ஒரு டாக்டர சிற்பின்னு சொல்றாரு. நெக்கார் ஆத்துப் பழைய பாலத்துல நின்னு இத நெனச்சுக்கிட்டே இருந்தேன், நேரம் போனதே தெரியல.

நாள் 3 – பெர்லின்

காலைல ரயில், மதியம் தாண்டி பெர்லின். ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்தா கொஞ்ச தூரத்துல சாரிட்டே ஆஸ்பத்திரி, அதத் தாண்டி நடந்தா ரைன்ஹார்ட் தெரு. கிரேஃபே காலத்துல இது கார்ல் தெரு. 46ஆம் நம்பர்ல 1852ல இருந்து அவரோட கண் ஆஸ்பத்திரி. அரசாங்கம் கட்டிக் குடுத்ததில்ல, சொந்தமா நடத்துனது. காசு இருக்கிறவங்க குடுப்பாங்க, இல்லாதவங்களுக்கு இலவசம். அமெரிக்காவுல இருந்தெல்லாம் டாக்டருங்க இங்க வந்து அவர் பின்னாடி நின்னு கத்துக்கிட்டுப் போயிருக்காங்க. இப்ப அந்தத் தெருவுல ஆபீஸ், காபிக்கடை, சைக்கிள். நான் ரெண்டு தடவ முழுத் தெருவையும் நடந்தேன்.

இப்ப அம்மா கதை.

2021 மார்கழி. ராத்திரி கரண்ட் போயிடுச்சு, அம்மா இருட்டுலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க. கரண்ட் வந்ததும் "ஏட்டி, லைட்ட சுத்தி வானவில் மாதிரி தெரியுது"ன்னாங்க. நான் கண்டுக்கல. அரை மணி நேரத்துல இடது பக்கம் தலை வெடிக்கிற மாதிரி வலி, கண்ணு செவந்து போச்சு, வாந்தி. பக்கத்துல ஒரு கிளினிக், அங்க பித்தம், ஒத்தத் தலைவலின்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. விடிய விடிய அம்மா சுவத்துல தலைய முட்டிக்கிட்டு இருந்தாங்க. மறுநாள் மத்தியானம் மதுரைல கண் ஆஸ்பத்திரியில சேக்குறப்ப கண் பிரஷர் 62. பத்துலருந்து இருபத்தி ஒண்ணுக்குள்ள இருக்கணும். கிளாக்கோமா, அதுலயும் திடீர்னு அடச்சுக்கிற வகை.

மருந்து ஏத்தி பிரஷர எறக்குனதுக்கப்புறம் லேசர் வச்சு ஐரிஸ்ல, அதான் கண்ணுல கலரா வட்டமா இருக்கே அந்தத் திரையில, ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டாங்க. அந்த டாக்டரம்மா பேப்பர்ல படம் போட்டுச் சொன்னாங்க. கண்ணுக்குள்ள எப்பவும் ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், ஐரிஸுக்குப் பின்னாடி ஊறி, பாப்பா வழியா முன்னாடி வந்து, ஓரத்துல இருக்கிற வடிகால்ல வடிஞ்சு போகும். சில பேருக்கு ஓரம் குறுகலா இருக்கும், இருட்டுல பாப்பா விரியுறப்ப ஐரிஸ் லென்சோட ஒட்டிக்கும், தண்ணி பின்னாடியே தேங்கி ஐரிஸ முன்னாடி தள்ளும், வடிகால் அடச்சுக்கும், அடச்ச தொட்டி மாதிரி பிரஷர் ஏறும், நரம்பு செத்துக்கிட்டே வரும். ஓட்டை போட்டா தண்ணிக்குக் குறுக்கு வழி கெடச்சிரும். "இத மொதல்ல கண்டுபிடிச்சது 1850கள்ல பெர்லின்ல ஒரு டாக்டர், அதுக்கு முன்னாடி இது வந்தா குருடுதான்"னாங்க. இந்த ஒரு வாக்கியந்தான் என்ன இந்தத் தெருவுல கொண்டு வந்து நிறுத்துச்சு.

அவரு எப்படிக் கண்டுபிடிச்சாருங்கிறது இன்னும் ஆச்சரியம். வேற கண் நோய்களுக்கு ஐரிஸ்ல ஒரு துண்டு வெட்டி எடுக்கிற ஆபரேஷன் ஏற்கெனவே இருந்துச்சு. அத பண்ணுனப்புறம் கண்ணு எளகுறத விரல வச்சு அழுத்திப் பாத்தே கவனிச்சிருக்காரு, பிரஷர் பாக்குற கருவி அப்ப ஏது. கிளாக்கோமாவுல கண்ணு கல்லு மாதிரி இருக்கும். அப்ப இதையே அங்க செஞ்சா என்னன்னு 1856ல செஞ்சாரு. வலி போச்சு, பார்வை திரும்புச்சு. அவசரப்படாம இன்னும் நோயாளிகளப் பாத்து, அவங்க கண்ணு பிற்பாடு எப்படி இருக்குன்னும் பாத்து, 1857ல எழுதுனாரு, அதே வருசம் பிரசெல்ஸ்ல நடந்த கண் டாக்டர்கள் மாநாட்டுலயும் சொன்னாரு. ஏன் வேல செய்யுதுன்னு அவருக்குத் தெரியாது, அந்த வடிகால் கணக்கெல்லாம் இருபதாம் நூற்றாண்டுலதான் தெளிவாச்சு. திடீர்னு வர்ற வகைக்கு நல்லாக் கேக்குது, மெதுவா வர்ற வகைக்கு அந்த அளவுக்கு இல்லன்னும் அவரே பாத்துச் சொல்லிட்டாரு.

இன்னொண்ணும் இருக்கு, எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே இதாலதான். 1854ல அந்தப் புதுக் கருவியால கிளாக்கோமா கண்ணுக்குள்ள பாத்தவரு, நரம்பு வர்ற எடம் புடைச்சுக்கிட்டு இருக்குன்னு எழுதிட்டாரு. ஒத்தக் கண்ணால பாக்குற கருவியில மேடும் பள்ளமும் மாறித் தெரியும். அடுத்த வருசமே, இல்ல, அது பள்ளம், குழிஞ்சு போயிருக்குன்னு தானே திருத்தி எழுதுனாரு, தான் ஆரம்பிச்ச பத்திரிகையிலயே. கிளாக்கோமா டெஸ்டுன்னு போனா இன்னிக்கும் டாக்டருங்க பாக்குறது அந்தக் குழியத்தான். எங்க அம்மாவ அந்த ராத்திரி பாத்தவங்க கிட்ட பின்னாடி போய்ச் சொன்னப்ப "அப்படியா, அப்ப தெரியலயே"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ரத்த சொந்தத்துக்கும் வர வாய்ப்பு அதிகம்னு என்னையும் பாத்தாங்க. எனக்கும் குறுகலான ஓரம். ரெண்டு கண்ணுலயும் லேசர் போட்டாச்சு, பத்து நிமிசம்கூட ஆகல, நடந்தே வீட்டுக்கு வந்தேன். தயவுசெஞ்சு வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களும் போய்ப் பாத்துக்கங்க.

நாள் 4 – பெர்லின், கிராய்ட்ஸ்பெர்க்

காலைல கிரேஃபே தெருவுக்குப் போனேன். அவர் பேருதான். சுத்தி இருக்கிற பேட்டைக்கே அந்தப் பேரு, மரமும் பழைய உயரமான வீடுகளுமா நல்லா இருக்கு, பக்கத்துலயே அவரோட வாத்தியார் டீஃபன்பாக் பேர்லயும் ஒரு தெரு. கால்வாய்ப் பாலத்துல சின்னப் பசங்க தரையில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாங்க.

இந்தக் குடும்பத்துக்கும் நம்ம நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவரோட அப்பா கார்ல் ஃபெர்டினாண்ட் பெரிய அறுவை டாக்டர், போன மூக்க மறுபடி செய்யிறதப் பத்தி 1818ல ஒரு நூல் எழுதுனாரு, அதுல நெத்தித் தோல எடுத்து மூக்கு செய்யிற இந்திய முறையும் இருக்கு. 1840ல ஹனோவர் இளவரசருக்குக் கண் ஆபரேஷன் பண்ணப் போன எடத்துல அப்பா எறந்துட்டாரு. பையனுக்கு அப்ப 12 வயசு. கண்ணுக்காகப் போன அப்பா திரும்பி வரல, பையன் கண்ணையே புடிச்சுக்கிட்டான்.

மத்தியானம் ஹாலெஷஸ் டோர் பக்கம் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டங்கள். இசையமைப்பாளர் மெண்டல்சோன் மாதிரி பெரியவங்க எல்லாம் இங்கதான். கிரேஃபே கல்லறையத் தேடிக் கண்டுபிடிச்சு ரொம்ப நேரம் நின்னேன். ஊர்ல இருந்து கொண்டு வந்த ஒண்ணு ரெண்டு காஞ்ச சாமந்தி பர்ஸ்ல இருந்துச்சு, வச்சேன்.

அவரு செத்தது 1870 ஜூலை 20. மொத நாள்தான் பிரான்ஸ் பிரஷ்யா மேல போர் அறிவிச்சிருந்துச்சு. ஊரே போருக்குக் கெளம்புற நேரத்துல ஒரு கண் டாக்டர் அடங்கிட்டாரு. முழு புரொபசர் பதவி 1866ல, சாரிட்டே கண் பிரிவு 1868லதான் கைக்கு வந்துச்சு, ரெண்டே வருசம். அதுக்கு முன்னாடியே கண்புரைக்குப் புது ஆபரேஷன் கொண்டு வந்துட்டாரு. பழைய முறையில பெருசா வளைச்சு வெட்டுவாங்க, காயம் ஆறாம நூத்துல பத்து கண்ணு கெட்டுப் போகும். இவரு மெல்லிசா ஒரு கத்தி செஞ்சு நேர்க்கோடா சின்னதா வெட்டுனாரு, கெடுறது நூத்துல ரெண்டு மூணா கொறஞ்சுது. கண்ண மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்து வந்தது 1884ல, அதயும் அவரு பாக்கல.

மனைவி அன்னா டென்மார்க்காரங்க, 1862ல கல்யாணம். அவங்களும் 1872ல அதே டிபில போயிட்டாங்க. புள்ளைங்க அநாதையாச்சு. அதுல ஒரு மகன், அப்பா பேருதான் அவனுக்கும், பெரியவனாகி தீவிர இனவாத அரசியலுக்குப் போயி, 1923ல ம்யூனிக்ல ஹிட்லர் ஆட்சியப் புடிக்கப் பாத்தப்ப கூடவே இருந்தான். அப்பாவோட அருமை மாணவர்கள்ல ஒருத்தர் ஹிர்ஷ்பெர்க், யூதர், கண் மருத்துவத்தோட முழு வரலாற்றையும் பல பாகமா எழுதுனவரு, நம்ம சுஸ்ருதர் வரைக்கும் எழுதியிருக்காரு, கிரேஃபே பேர ஒசத்திப் புடிச்சவரு அவரு. கிரேஃபேவோட மகனோ ரெண்டு வயசுல அப்பாவையும் நாலு வயசுல அம்மாவையும் இழந்த புள்ள. கல்லறை முன்னாடி எனக்கு அந்த மகன் மேல கோவமும் வந்துச்சு, அந்த ரெண்டு வயசுப் புள்ளைய நெனச்சு மனசும் கனத்துச்சு.

நாள் 5 – பெர்லின், கெளம்புற நாள்

ராத்திரி பிளைட். சிலைய கடைசிக்குன்னு வச்சிருந்தேன், அம்மாவோட சேந்து பாக்கணும்னு.

சாரிட்டே ஓரத்துல, ஷூமன் தெருவும் லூயிசன் தெருவும் சேர்ற முக்குல இருக்கு. சீமரிங்னு ஒரு சிற்பி செஞ்சது, 1882 மே 22ல, அவரோட பொறந்த நாள்ல தெறந்தாங்க. மாடம் மாதிரி ஒரு வளைவுக்குள்ள வெண்கலத்துல அவரு நிக்கிறாரு. ரெண்டு பக்கமும் சுவத்துல கலர் கலரா சுட்டமண் சிற்பம். ஒரு பக்கம் பார்வை இல்லாம வைத்தியம் தேடி வர்றவங்க. இன்னொரு பக்கம் குணமாகிப் போறவங்க. ராஜாக்களும் தளபதிகளுமா நிக்கிற ஊர்ல நோயாளிங்களுக்கும் எடம் குடுத்த சிலை.

சாயங்காலம் நாலரைக்கு கால் போட்டேன். அம்மா செல்போன வலது கண்ணு பக்கம் வச்சுத்தான் பாப்பாங்க, இடது கண்ணுல ஓரம் எல்லாம் போயிடுச்சு, நடுவுல மட்டும் தெரியும். மெதுவா வலம் வர்ற மாதிரி போன நகத்திக் காட்டுனேன்.

"கையில என்னட்டி வச்சிருக்காரு?"

"கண்ணுக்குள்ள பாக்குற கருவிம்மா."

"நம்ம டாக்டரம்மா இருட்டு ரூம்புல கிட்டக்க வந்து பாப்பாங்களே, அதா?"

"அதேதான்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்த சுவத்துப் பொம்மைய இன்னொரு தடவ காட்டு, வர்றவுக பக்கம்"னாங்க. காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. பஸ் ஒண்ணு போச்சு, வெயில் சிலைக்குப் பின்னாடி எறங்கிடுச்சு.

"எல்லாரும் யாரையாச்சும் புடிச்சுக்கிட்டுத்தான் வர்றாக, என்ன?"ன்னாங்க. "அன்னிக்கு நானும் உன் தோளப் புடிச்சுக்கிட்டுத்தான வந்தேன்."

"ஆமாம்மா."

"அங்க மணி என்ன?"

"நாலே முக்கா. அங்க எட்டே கால்."

"ஐயையோ, எட்டு மணிக்கு மருந்து விடணுமே"ன்னு போன வச்சுட்டாங்க.